உட்கார ஒரு வண்டி

நாகஜோதியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கால்கள் ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால் அப்படித்தான். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு மேஜை, மேஜை நிறையப் பனியன். நின்றுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குற்றம் கண்ட இடத்தில் அம்புக்குறி வடிவத்தில் இருக்கும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசருக்கு ஆகாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில், பத்தொன்பது வயதில் வந்தவர், நாற்பத்தொரு வயது வரை நின்றார். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு முடிச்சு விழுந்து, சாயங்காலமானால் கால் பொதபொதவென்று வீங்கிவிடும். இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நிற்காமல் சோறு போடுகிற வேலை எது என்று சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் குகன். முதலிபாளையம் போகிற வழியில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக டீசல் வண்டிகள்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள், பொய்யில்லை. வேலைக்கு ஆள் வைத்தால் ஒரு மாதம் தாங்குவதில்லை, அதனால் தனியாகத்தான் மல்லுக்கட்டுகிறேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மானமும் கொஞ்சம் போகும். போகட்டும். அதை மறைத்துவிட்டு அந்த அம்மணியைப் பற்றிச் சொல்ல முடியாது.

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு பழைய பிக்கப் வண்டி கரும்புகையைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் நாகஜோதி. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்திருந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய வீட்டுக்காரர் ராஜபாண்டி, மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கொதிக்கிற பெட்டியை நாளெல்லாம் பிடிக்கிற மனுஷனுக்கு பெண்டாட்டி வண்டி ஓட்டுவதுதான் பயம்.

வண்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பங்காளி முறையான ஞானசம்பந்தத்தின் வண்டி அது. அவருக்கு முதலிபாளையத்தில் நிட்டிங் யூனிட், நூலைத் துணியாகப் பின்னுகிற மிஷின்கள். பாண்டித்துரை என்று ஒரு டிரைவர் இருந்த வரைக்கும் அந்த வண்டி ஒழுங்காக என்னிடம் சர்வீஸுக்கு வரும். அவர் நாலு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போன பிறகு, சாவி கையில் கிடைத்தவனெல்லாம் ஓட்டினான். ஆயில் மாற்றியவன் ஒருவனும் இல்லை. கடைசியில் இழுவை இல்லையென்று யூனிட்டுக்குப் பின்னால் ஒரு வருடம் நிறுத்திப் போட்டார்கள். வண்டியும் டிரைவரும் வைத்து மேய்க்க முடியாது, லோடுக்கு வெளி வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஞானசம்பந்தம் முடிவு செய்தபோது, அந்த வண்டியை நாகஜோதி வாங்கிக்கொண்டார். கூடவே ஒரு வாக்கும் வாங்கியிருந்தார்.

ஞானசம்பந்தம் சொன்னதை நாகஜோதி அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினார். "திங்கக்கெழமை காலைல எட்டு மணிக்கு வண்டி நிட்டிங் வாசல்ல நிக்கோணும். நின்னா சாயப்பட்டறைக்குப் போற லோடு பூராவும் உங்களுக்குத்தானுங்க. நிக்கலீன்னா வேற வண்டிக்குச் சொல்லிருவேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

கம்பெனியிலும் அதே திங்கட்கிழமை வரைக்கும்தான் செக்கிங் மேஜையில் அவருடைய இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். ஆக, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் மறுபடியும் மேஜைக்கு முன்னால் நிற்பார். நடுவில் வேறொன்றும் இல்லை.

"வண்டிக்கு என்னென்ன செய்யணும்னு பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின் உடம்பையே உலுக்கிக்கொண்டு ஓடியது. ஆயில் குச்சியை உருவினால் தார். ரேடியேட்டரில் செம்மண் தண்ணீர். மீட்டர் மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் நின்று எத்தனை நாளாயிற்றோ தெரியாது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கினேன். உள்ளே ஃபில்டருக்கு மேலே துணி உறை மாட்டியிருந்தது, அதன் ஓரத்தில் பச்சை நூல் தையல். அதைப் பார்த்ததும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது, மூடிவிட்டேன்.

அந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு பறக்கும். நிட்டிங், கட்டிங் என்று எந்த வாசலில் வண்டியை நிறுத்தினாலும் பஞ்சுத் தூசி உள்ளே போய் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நிட்டிங் மிஷினிலிருந்து துணி குழாய் போலத்தான் இறங்கும். அந்த வேஸ்ட் துணியில் ஒரு முழம் வெட்டி, ஒரு வாயைத் தைத்துவிட்டால் ஃபில்டருக்கு அளவெடுத்த சட்டை மாதிரி உட்காரும். தூசி துணியோடு நின்றுவிடும், துணியைத் துவைத்துத் துவைத்து மாட்டிக்கொள்ளலாம். என் சம்சாரம் சாரதாமணி வீட்டு ஓவர்லாக் மிஷினில் பச்சை நூலில் தைத்துக் கொடுப்பாள். இந்த வட்டாரத்தில் நாற்பது வண்டிக்காவது மாட்டியிருப்பேன். டீக்கடையில் இதைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னேன். "எறக்கோணும் அம்மணி. சிலிண்டர் போர் தேஞ்சு போச்சு, பிஸ்டன் ரிங்கு போயிருச்சு. இன்ஜினை முழுசாப் பிரிச்சு வேலை பாக்கோணும். பதினஞ்சு நாளாச்சும் ஆகுமுங்க."

ராஜபாண்டி பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். நாகஜோதி உட்காரவில்லை.

"எதை வச்சுண்ணே சொல்றீக?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முப்பது வருசத்தை வச்சுச் சொல்றனுங்க."

"கோவிச்சுக்காதீகண்ணே. எங்க டேபிள்ல ஒரு பீஸை ரிஜெக்ட்ல போட்டா, எந்த எடத்துல என்ன குத்தம்னு ஸ்டிக்கர் ஒட்டித்தான் போடணும். சும்மா தூக்கிப் போட்டா யாரும் ஒத்துக்கிற மாட்டாக. நீங்களும் ஒட்டுங்க."

சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அட கெரகமே! இத்தனை வருடத்தில் என்னை இப்படி ஒருவர் கேட்டதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளை நீட்டிய கையில் திமிர் எதுவும் இல்லை. கால் வலிக்கு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"பொகை வருதுல்லீங்க? ஆயில் எரியற பொகை. ரிங்கு தேஞ்சாத்தான் ஆயில் மேல ஏறி எரியும்."

"ஆயில் எரிஞ்சா என்ன கலர்ல வரும்?"

"நீலமா வரும்."

வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "இது நீலமில்லண்ணே. சுத்தக் கருப்பு." பிறகு என் கூடையிலிருந்து வெள்ளை பனியன் வேஸ்ட் ஒன்றை எடுத்து, சைலன்சர் வாய்க்கு நேராகப் பிடித்தார். துணியில் வட்டமாகக் கரி படிந்தது. அதை இரண்டு விரலால் தேய்த்து, உதறி, திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "ஊறலையே. வெறும் கரி, உதறுனா உதிருது. ஆயில் கறைன்னா பின்பக்கம் வரைக்கும் ஊறி நிக்கும். ஆயில் கறை எனக்குத் தெரியாதாண்ணே?"

பின்னுகிற மிஷினின் ஊசி எண்ணெய் துணியில் சொட்டுவதுதான் செக்கிங் மேஜைக்கு வருகிற தலைவலியில் பாதி. இருபத்திரண்டு வருடமாக அதைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவரிடம், நான் புகையின் நிறத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பேசியிருக்கிறேன். பழைய வண்டி, பாழாய்ப் போன ஆயில், பெரிய கிலோமீட்டர். பார்த்தவுடனே இன்ஜின் போச்சு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீம்புக்கு ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அந்த ஓட்டை மேலேயே கவிழ்த்து வைத்தேன். போர் தேய்ந்த வண்டியானால் கீழிருந்து வருகிற காற்றுக்கு மூடி துள்ளி விழுந்துவிடும். இது லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"இதை அளந்து பாக்க மிஷின் ஏதும் இல்லியாண்ணே?"

இருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும், கம்ப்ரஷன் கேஜ் என்று பெயர். என்னுடையது ரிப்பேராகி ஐந்து வருடமாகிறது. காது போதும் என்கிற திமிரில் வேறு வாங்கவில்லை. "நாளைக்கு வாங்க, அளந்தே காட்டிர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போய் சாரதாமணியிடம் பொருமித் தீர்த்தேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ள கேட்டதுல என்ன தப்புங்க? உங்களை ஒருத்தி கேள்வி கேக்கறதைப் பாக்கறதுக்காச்சும் நாளைக்கு நான் ஒர்க்‌ஷாப்புக்கு வரோணும்" என்றாள். வீடே கதியென்று இருப்பவள், சொன்னபடி காலையில் டீ ஊற்றிய தூக்குப்போசியோடு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பல்லடம் ரோட்டுக் கடைக்காரரிடம் கேஜை இரவல் வாங்கி வந்து நான்கு சிலிண்டரையும் அளந்தேன். புது இன்ஜினைவிடக் குறைவுதான். ஆனால் நான்கும் ஒன்றுபோல இருந்தன. ரிங் போயிருந்தால் ஒன்றிரண்டாவது படுத்திருக்கும். நான்கு அளவையும் வாய்விட்டுச் சொன்னேன்.

"நாலும் ஒண்ணுபோல இருக்கா? அப்ப பாஸ்ண்ணே" என்றார் நாகஜோதி. "முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, நாலும் ஒரே ஷேடுன்னா பீஸ் பாஸ். ஒண்ணு மட்டும் வேற கலரா வந்தாத்தான் குத்தம்." முந்தின நாள் நான் வேண்டா வெறுப்பாக இன்ஜின் தலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவரே உரித்துத் தன் விரல் நகத்தில் ஒட்டிக்கொண்டார். சாரதாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சரி, இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. அப்படியானால் எதைச் செய்வது? இரண்டு நாள்தான் இருக்கிறது. இந்த மாதிரி கேட்பாரற்றுக் கிடந்த வண்டியில் செய்ய நினைத்தால் வேலைக்கு முடிவே கிடையாது. நாகஜோதி வண்டியைச் சுற்றி வந்து, நான் சொல்லச் சொல்ல ஸ்டிக்கர் ஒட்டினார். சிவப்பு அம்பு ஒட்டினால் திங்கட்கிழமைக்குள் செய்தே ஆக வேண்டியது. வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும், இல்லையென்றால் இன்ஜினைக் கொன்றுவிடும் என்றால் மட்டும்தான் சிவப்பு. ஓடிச் சம்பாதித்துச் செய்துகொள்ளலாம் என்பதற்கு மஞ்சள். அவர் ஒவ்வொன்றுக்கும், "இதைச் செய்யலைன்னா என்னண்ணே ஆகும்?" என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே எது அவசரம், எது என் பழக்க தோஷம் என்று பிரிந்து தெரிந்தது. ஆயிலுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் சிவப்பு. ரேடியேட்டருக்குச் சிவப்பு. டீசல் ஃபில்டருக்குச் சிவப்பு. டைமிங் பெல்ட்டுக்கு அவர் மஞ்சளை எடுத்தபோது நான் கத்திவிட்டேன்.

"அம்மணி, அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டி, இப்ப நல்லா இருக்கற இன்ஜின் ஒரே நொடில செத்துப் போகுமுங்க. எப்ப மாத்துனதுன்னு யாருக்கும் தெரியாது. மாத்தாம இந்த வாசலைத் தாண்ட உட மாட்டேன்."

"இப்படிக் காரணத்தோட சொன்னா நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?" என்று சிவப்பை ஒட்டினார்.

வெள்ளியும் சனியும் நான் செய்த வேலை ஒரு வாரத்து வேலை. பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி அரை மணி நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்றினேன். ரேடியேட்டரைத் தண்ணீர் தெளியும் வரை அலசினேன். டைமிங் பெல்ட்டைக் கழற்றினால் பல்லுக்குப் பல் வெடிப்பு. நாகஜோதி அதை வளைத்துப் பார்த்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற டேப்பட் செட்டிங்கும் செய்தேன். இன்ஜின் சத்தம் நன்றாகவே அடங்கியது. சனிக்கிழமை மூன்று மணிக்கு, துணி ரோல் பத்து ஏற்றிக்கொண்டு ரயில்வே பாலத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

பாதிப் பாலம் வரைதான் போனது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, பிறகு அதுவும் இல்லை. கரும்புகை எழுந்து பின்னால் வந்தவர்கள் முகத்தில் அடித்தது. ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். ஒருவன் ஹிந்தியில் என்னவோ திட்டிக்கொண்டே போனான். ராஜபாண்டி இறங்கிப் போய் வண்டிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்றார், பாவம். மெதுவாக ரிவர்ஸிலேயே கீழே இறக்கினார் நாகஜோதி. அவ்வளவு நெரிசலில் வண்டியை எதிலும் உரசாமல் இறக்கினார் பாருங்கள், அங்கேயே அவர் டிரைவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வண்டிதான் வண்டியாக இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் அவர் முதல் தடவையாகத் தானாகவே டயர் மேல் உட்கார்ந்தார். காலிரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

"திங்கக்கெழமை டேபிளுக்கே போயிர்றேன்ணே. நீங்க சொன்ன மாதிரி இன்ஜினைப் பிரிச்சு, உங்களுக்குத் தோதுப்பட்டப்ப செய்யுங்க. நாந்தான் தெரியாத வேலைல தலையிட்டு உங்க ரெண்டு நாளைக் கெடுத்துட்டேன்."

நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டதல்லவா? எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லவே இல்லை. அவர் நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, சாரதாமணி எனக்கு டீ ஊற்றிக் கொடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வண்டியில் வைத்திருந்த சாமி படத்தையும் பையையும் எடுத்துக்கொண்டு போக நாகஜோதி வந்தார். எடுத்துக்கொண்டவர் போகாமல் பானெட்டுக்கு முன்னால் வந்து நின்றார். செய்து முடித்த இடங்களிலெல்லாம் ஸ்டிக்கரை உரித்தாகிவிட்டது. அவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த டப்பாவுல மட்டும் நாம ஸ்டிக்கரும் ஒட்டல, பாஸும் போடல."

அது ஏர் ஃபில்டர் பெட்டி.

"அது நான் பாத்துட்டனுங்க. அதுல நம்ம ஊட்டுல தெச்ச உறை போட்டிருக்குது. அதுல ஒரு கோளாறும் வராது."

"எங்க அக்கா மகளே தச்ச பீஸா இருந்தாலும் செக்கிங் பாத்துத்தான் அனுப்புவோம்" என்று சொல்லிக்கொண்டே அவர் கிளிப்பைத் தட்டிவிட்டார்.

ஃபில்டரை வெளியே எடுத்தார். உறையை உருவப் பார்த்தார், வரவில்லை. தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் வாங்கி ஓரத்தை வெட்டி உரித்தார். உள்ளே இருந்த காகித ஃபில்டரின் இடுப்பு நசுங்கி உள்வாங்கியிருந்தது. அவர் ஃபில்டரைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த துணியை, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், தன்னால் தலைக்கு மேலே தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"அண்ணே, இங்க வாங்க. இது வழியா வெளிச்சமே வரலையே. காத்து எப்படிண்ணே வரும்?"

போய்ப் பார்த்தேன். துணியா அது, ரப்பர் ஷீட் மாதிரி இருந்தது. பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி இறுகிக் கிடந்தது. ஒரு புள்ளி வெளிச்சம் வரவில்லை. அவர் அதை இழுத்துப் பார்த்தார், நகத்தால் பின்னலின் கண்ணைப் பிரித்துப் பார்த்தார்.

"இது மிஷின்லேர்ந்து எறங்குனபடியே வெட்டுன துணி. காம்பேக்டிங் போகாத துணிண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. காம்பேக்டிங் என்றால் துணியை ஆவியில் அழுத்தி, இனிமேல் துவைத்தாலும் சுருங்காதபடி செய்து எடுக்கிற வேலை. திருப்பூரில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். அதற்குப் போகாத துணியைத் தண்ணீரில் போட்டால் சுருங்கும். மறுபடி போட்டால் இன்னும் சுருங்கும். நெசவாளி வீட்டில் பிறந்து, பனியன் ஊரில் வளர்ந்த நான், ஓசியில் கிடைக்கிறதென்று அந்தத் துணியை வெட்டி ஃபில்டருக்குச் சட்டை தைத்து மாட்டி, வாராவாரம் துவையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அங்கேயே நின்றுகொண்டு பாண்டித்துரைக்குப் போன் போட்டேன். ஊரில் மினி பஸ் ஓட்டுகிறாராம். உறையை எப்படித் துவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னபடியேதாண்ணே. ஒரு வாரம் தவறுனதில்ல. சாயப்பட்டறைல கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி கெடைக்கும்ல, அதுல முக்கி அலசிப் போடுவேன். கடைசில மாட்டவே கஷ்டமாயிருச்சு, ரெண்டு பேரு சேந்து இழுத்து மாட்டுவோம். உங்க உறையாச்சே, விட்ற முடியுமா? ஏண்ணே, வண்டி நல்லா இருக்குல்ல?"

நல்லா இருக்குது சாமி என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் போன பிறகு வந்தவர்கள் அதைத் துவைக்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. துணியில் மிச்சமிருந்த கண்களைப் பஞ்சு அடைத்துவிட்டது. காற்றுக்குத் திணறின இன்ஜின், டீசலை எரிக்க முடியாமல் கரியாகத் துப்பியிருக்கிறது. இழுவை இல்லையென்று அதை மூலையில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்து இன்ஜின் செத்துவிட்டது என்று முதலில் சொன்னவனும் நான்தான், அதன் மூக்கைப் பொத்தியவனும் நான்தான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். துவைத்தவர் மேல் பழியைப் போட்டிருந்தாலும் நாகஜோதி நம்பியிருப்பார். ஆனால் அவர் வீங்கின காலோடு அந்தத் துணியை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மணி, இது என்ற தப்புங்க. இந்த உறையை மாட்டுனதும் நாந்தான், தொவைக்கச் சொன்னதும் நாந்தான். வியாழக்கெழமையே இதைப் பாத்தேன். நம்ம வேலைன்னு மூடி வச்சுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தார். கடைசியாக ஒரே ஒரு சிவப்பு அம்புதான் மிச்சமிருந்தது. அதை உரித்து என் சட்டைப் பையில் ஒட்டி, உள்ளங்கையால் தட்டிவிட்டார்.

"ரிஜெக்ட் இல்லண்ணே, பயப்படாதீக. ஆல்டர்தான். சரி பண்ணி அனுப்பிரலாம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற கடையைத் தேடிப் பிடித்து, புது ஃபில்டர் வாங்கி மாட்டினேன். உறை கிடையாது. சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பழைய கரி வெளியே வந்தது, பிறகு புகை வெளுத்துக் காணாமல் போனது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி மூச்சை இழுத்த சத்தம் எனக்கே கேட்டது. அதே பத்து ரோலோடு அதே பாலத்துக்குப் போனோம். மூன்றாவது கியரிலேயே ஏறியது. ராஜபாண்டி கைப்பிடியை விட்டுவிட்டுக் கை தட்டினார். உச்சிக்குப் போனதும் நாகஜோதி, "ஏறிருச்சுண்ணே! ஏறிருச்சு!" என்று கத்திய கத்தலில் எதிரே வந்த டவுன் பஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே நான் உறை மாட்டிய வண்டிக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தேன். கழற்றி எறியுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்டார்கள், காரணத்தையும் சொன்னேன். நாற்பது பேரிடம் ஒரே தப்பைச் சொல்வது லேசான வேலையில்லை. சாரதாமணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டாள். சட்டையைத் துவைக்க எடுத்தபோது அந்த ஸ்டிக்கரைப் பத்திரமாக உரித்து என் டூல்ஸ் பெட்டி மூடியில் ஒட்டியதும் அவள்தான்.

திங்கட்கிழமை காலை நான் நிட்டிங் யூனிட்டுக்கு டூவீலரில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டேன். வேலையைப் பார்க்கிற சாக்கில்தான். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி திரும்பியது. ராஜபாண்டி கம்பெனிக்குப் போய்விட்டார், நாகஜோதி தனியாகத்தான் வந்தார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து, லோடு ஏற்றுகிற வாசலுக்கு ஒரு சாண் இடைவெளியில் ஒட்டி நிறுத்தினார். ஹிந்திக்காரப் பையன்கள் ரோல்களைத் தூக்கிப் பின்னால் அடுக்க ஆரம்பித்தார்கள்.

ஞானசம்பந்தம் நெற்றி நிறையத் திருநீற்றோடு உள்ளேயிருந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், சைலன்சர் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு டிரைவர் கதவுப் பக்கம் வந்து, "அட, என்ற வண்டியாங்க இது? இனி தெனமும் வாங்க, லைன் உங்களுக்குத்தானுங்க. எறங்கி வாங்க அம்மணி, எங்கெங்க போகோணும், என்ன ஏதுன்னு நின்னு பேசிக்கலாம்" என்றார்.

நாகஜோதி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்தார்.

"இல்லீங்க முதலாளி. நான் உக்காந்தே பேசிக்கிறேன்."